பதினேழாம் கட்டிலுக்கு உப்பில்லாச் சாம்பார்

நேமம்,
திருவனந்தபுரம்,
ஜூலை 9.

என் அன்பு மகன் சஜினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உன் தங்கை ஷாலுவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடா தேசத்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். இங்கே மழை பிடித்துவிட்டது. பின்சுவர் மறுபடியும் ஈரமாகி, அப்பா ஏதோ பெயிண்ட் வாங்கி வந்து சுவருக்குப் பாதியும் தன் சட்டைக்குப் பாதியுமாக அடித்து முடித்தார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் அவருக்கு லாரி ஓட்டம் குறைவில்லை. ஷாலு கழக்கூட்டத்தில் புதுக் கம்பெனிக்கு மாறியிருக்கிறாள், போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அவள் தூக்கமெல்லாம் பஸ்ஸில்தான்.

போனில் என் படிப்பு எப்படிப் போகிறது என்று நீ கேட்பாய், நன்றாகப் போகிறது என்பேன், அதோடு தீரும். போன மாதம் நடந்ததை அப்படிச் சொல்லி முடிக்க முடியாது, நீ நடுவில் சிரித்துவிடுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். நம் சபைப் பையன் பிரஜின் அடுத்த வாரம் அங்கே படிக்க வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று தாளில் எழுத உட்கார்ந்தேன். நீ விமானம் ஏறும்போது நான் பயோகெமிஸ்ட்ரியில் இரண்டாம் முறையும் தோற்று, இந்த வயதில் எனக்கு எதற்கு நியூட்ரிஷன் டிகிரி என்று அழுதுகொண்டிருந்தேன். மூன்றாம் முறை தேறிவிட்டேன். வகுப்பில் இருக்கிற பெண்களுக்குப் பத்தொன்பது இருபது வயது, எலிசா ஆன்ட்டி என்று கூப்பிட்டு என் நோட்டைவிட என் டிபன் டப்பாவைத்தான் அதிகம் திறந்து பார்க்கிறார்கள். கடைசி செமஸ்டரில் இரண்டு மாதம் ஏதாவது ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனுக்குக் கீழே பயிற்சி எடுக்க வேண்டும். சீட்டு குலுக்கியதில் எனக்கு விழுந்தது எந்த இடம் தெரியுமா, பதினாறு வருஷமாக நான் சமையற்கட்டில் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. சமையற்கட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, லிஃப்டில் முதன்முதலாகக் கீழே போகாமல் மேலே போனேன்.

மேலே பதினேழாம் கட்டிலில் நேசையன் என்று ஒருவர், பாறசாலைப் பக்கம் வாழை போடுகிறவர், அறுபது வயதிருக்கும். இருதயம் பலவீனப்பட்டு இரண்டு காலும் நீர்கோத்து வீங்கியிருந்தன. இப்படிப்பட்டவர்களுக்கு உப்பு மிகவும் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், அவர்கள் தட்டில் பச்சை அட்டை வைத்து அனுப்புவது வழக்கம். மருந்து கொடுத்தும் ஐந்து நாளாக வீக்கம் வடியவில்லை. வீட்டிலிருந்து கருவாடோ ஊறுகாயோ வருகிறது என்று வார்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு சிஸ்டர் அவர் மனைவியின் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டியே பார்த்துவிட்டாள், ஒரு சேலையும் சீப்பும் பைபிளும்தான் விழுந்தன. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்க கர்த்தர் சாட்சி மக்ளே, நான் ஒரு பப்படம்கூட குடுக்கல்ல” என்று அழுதார். நோயாளி முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவது என் வேலை, அதற்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேசையன், “ஆஸ்பத்திரி சாப்பாடு வாயில வைக்க முடியாதுன்னு பயமுறுத்தினாங்க, இஞ்ச சாம்பார் நல்ல ருசியாக்கும், கேட்டியா” என்றார். என் பேனா நின்றுவிட்டது. உப்பில்லாச் சாம்பாரை இந்தப் பதினாறு வருஷத்தில் ஒருவரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அன்றைய மதியத் தட்டு அப்போதுதான் வந்து மேசையில் மூடியிருந்தது. திறந்து ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தேன். எல்லோருக்குமான பெரிய அண்டாச் சாம்பார், அதிலும் உப்பு நான் அங்கே போட்டுப் பழக்கிய அளவு. பச்சை அட்டை மட்டும் பத்திரமாகத் தட்டில் இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முத்தாரம்மாள் அக்காவை உனக்குத் தெரியும், கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் முறுக்கு கொண்டுவருவாரே, அவர்தான் அங்கே தலைமைச் சமையல். இந்த மூன்று வருஷமும் என்னை எட்டு மணிக்கே வகுப்புக்கு அனுப்பிவிட்டு என் மிச்ச வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவர். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. “ரெண்டு பேரு லீவு, நூத்தி நாப்பது தட்டு, எனக்கு எத்தன கையிருக்கு? தனியா எடுத்து வைக்கதுக்கு நேரமில்ல” என்றார். பிறகு என் கோட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ இஞ்ச நிக்கும்போ நீயும் செய்ததுதானே எலிசா?” என்றார். ஆமாம், செய்திருக்கிறேன் சஜின். ஆள் இல்லாத நாட்களில் பொதுச் சாம்பாரில் வெந்நீர் விட்டுக் கலக்கிப் பச்சை அட்டைக்கு ஊற்றியிருக்கிறேன். எனக்கு அது ஓர் அட்டை, அவ்வளவுதான். மூன்று மாடிக்கு மேலே ஒரு மனுஷன் வீங்கின காலை நீட்டிப் படுத்திருக்கிறான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முத்தாரம்மாளைக் காட்டிக்கொடுத்து நீ என்ன படிப்பு படிக்கிறாய் என்று கோபப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, கொட்டிப் பார்த்தது உன் பையாக இருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். மறுநாள் காலை டயட்டீஷியன் ரெம்யா மேடத்தின் அறைக்குப் போனேன், அவளுக்கு நம் ஷாலுவைவிட நாலு வயதுதான் கூட இருக்கும். முதலில் என் பெயரைச் சொன்னேன், நினைவிருக்கிற வரை நான் செய்ததையெல்லாம் சொன்னேன், அதன்பிறகுதான் இந்த வாரத்துச் சாம்பாரைச் சொன்னேன். ஆளும் அடுப்பும் கொடுக்காமல் அக்காவைக் கேள்வி கேட்பது நியாயமில்லை என்றும் சொன்னேன். சான்றிதழ் போயிற்று என்றே நினைத்தேன். அவள் மலையாளத்தில், சேச்சி இதை அப்படியே கேஸ் ஸ்டடியில் எழுதுங்கள், உங்கள் பெயரோடு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து நேரே சமையற்கட்டுக்குப் போனாள்.

பெரிய ரகளை வரும் என்று பயந்தேன், வரவில்லை. இரண்டு நாளில் தனி அடுப்பு வந்தது, பச்சைக் கைப்பிடி போட்ட இரண்டு பாத்திரம் வந்தது, காலையில் ஓர் ஆள் கூடுதலாக வந்தாள். பையைக் கொட்டின சிஸ்டர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அக்கா மட்டும் நாலு நாள் என்னிடம் பேசவில்லை, என்னைக் கண்டால் தேங்காய் துருவுகிறவர் முதுகைத் திருப்பிக்கொள்வார். மேலே நேசையனோ, “இது சாம்பாரா, கழனித் தண்ணியா?” என்று வார்டே கேட்கக் கத்த ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் சமையற்கட்டுக்குப் போய், புளியைக் கூட்டி, சின்ன உள்ளியை வதக்கி, காந்தாரி மிளகாய் தட்டிப்போட்டு உப்பில்லாமல் ஒரு சாம்பார் வைத்து, ஒரு கிண்ணத்தை அக்கா பக்கத்தில் பேசாமல் வைத்தேன். அக்கா குடித்துப் பார்த்தார். “இத எங்க வீட்டுக்காரருக்கு குடுத்தா பாத்திரத்த எடுத்து எறிவாரு” என்றார். அப்புறம், “மல்லிய இன்னும் வறுக்கணும், தள்ளு” என்று என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நேசையன் வீட்டுக்குப் போகிற அன்று எடை நாலரைக் கிலோ குறைந்திருந்தது, எல்லாம் காலில் நின்ற நீர். அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து வைத்தார். மூன்று மாதமாக அதில் கால் நுழைந்ததில்லையாம். வலது காலை விட்டார், நுழைந்தது. இடது காலையும் விட்டார். வாசலில் சக்கர நாற்காலி காத்து நிற்க, அவர் டப் டப்பென்று லிஃப்ட் வரை நடந்தார், திரும்பி என்னிடம் வந்தார், மறுபடியும் லிஃப்ட் வரை நடந்தார். டிகிரி கையில் வருகிற நாளில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்குமா என்று தெரியவில்லை.

நீ பாக்கெட் நூடுல்ஸை விடு மகனே, விட முடியாவிட்டால் அந்த மசாலாப் பொட்டலத்தில் பாதியையாவது எறி. பிரஜினுக்கு அங்கே பழகும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொள், அவனுக்குச் சமைக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. உன் வேலையிலும் உறக்கத்திலும் கர்த்தர் கூடவே இருந்து உன்னை நல்ல நிலையில் வைக்கட்டும். இந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை எனக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, முடிந்ததும் நானே கூப்பிடுவேன், அதற்கு முன்னால் நீ கூப்பிட்டுப் பயமாக இருக்கிறதா என்று கேட்காதே, கேட்டால் பயம் வந்துவிடும்.

முத்தங்களோடு,
உன் அம்மா
எலிசாள், பி.எஸ்ஸி.,
வைவா மட்டும் பாக்கி.