குதிரையின் ஐந்தாவது கால்

விண்டர்கோம்,
5 ஆகஸ்ட் 1945

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் பிழையையும் மறைக்கமாட்டேன்.

நேற்று, எந்தக் காலத்திலோ குன்றுச் சரிவில் புல்லை வெட்டி வரைந்த நம் வெள்ளைக் குதிரையைத் திறந்தோம். எதிரி விமானங்களுக்கு அடையாளமாகக் கூடாதென்று நீங்களெல்லாம் அதைப் புல்போட்டு மூடி ஐந்து வருடமாயிற்று. வழக்கம்போல் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஓர் உறுப்பு: வால் ஜெத்ரோ மாமாவுக்கு, பின்னங்கால் நமக்கு. அம்மாவுக்குப் பண்ணையில் வேலை. அதனால் நான் போனேன்.

நூலகப் புத்தகத்தின் படத்தைப் பார்த்து, அளந்து, கயிறு கட்டி வெட்டினேன். நம் குன்றில் எங்கே வெட்டினாலும் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புதானே, சரியென்றே நினைத்தேன். வயிற்றைத் திறந்தவர்கள் பழைய கால் வேறிடத்தில் தொடங்குவதைக் கண்டார்கள்; இப்போது குதிரைக்கு ஐந்து கால்.

மாமா கீழே சாலையிலிருந்து பார்த்துவிட்டு, "ஏம்மா ஹெஸ்டர், உங்கப்பா வர்றதுக்குள்ள குதிரைய நண்டாக்கிருவ போலிருக்கே" என்றார்.

இதை யார், எதற்காக வெட்டினார்கள் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. போதகர் ஏதோ அரசனின் வெற்றிச் சின்னம் என்கிறார். மாமாவோ, "அது குதிரையே இல்ல, நாய்" என்கிறார்.

பழைய காலின் குளம்பு எங்கே முடிகிறதென்று உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போகலாமென்று மருத்துவமனை சொல்லி இரண்டு மாதமாகிறது. "பிறகு பார்க்கலாம்" என்ற உங்கள் அஞ்சலட்டையை அம்மா அலமாரியில் வைத்திருக்கிறார். இரவில் விளக்கே கூடாதென்ற போர்க்கால இருட்டடிப்பு முடிந்த நாள்முதல் தினமும் வாசல் விளக்கை ஏற்றிவிட்டு, விடியும்வரை அணைப்பதில்லை.

உங்கள் மகள்,
ஹெஸ்டர்

மருத்துவமனை, 14 ஆகஸ்ட்

அன்புள்ள ஹெஸ்டர்,

கை நடுங்குகிறது, எழுத்து கோணல், பொறுத்துக்கொள்.

நண்டைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் செவிலியைக் கூப்பிட்டுவிட்டார்.

இரும்புக் கம்பியால் குத்திப் பார். நீ வெட்டிய இடத்தில் ஒரு சாணில் நிற்கும், அது குன்றின் பாறை. பழைய காலில் முழங்கை ஆழம் இறங்கும். அந்தக் காலத்தில் பள்ளம் தோண்டி, இடித்த சுண்ணாம்பால் நிரப்பியிருக்கிறார்கள். குளம்பையும் கம்பியே காட்டும்.

போர் தந்த இந்தக் கையோடு வந்தால் ஊர் பரிதாபப்படும் என்றுதான் தள்ளிப்போட்டேன். ஐந்து கால் குதிரையைப் பொறுத்த ஊர் என்னையும் பொறுக்கும். நான் பார்க்கும்வரை அந்தக் காலை மூடாதே.

அப்பா

விண்டர்கோம்,
1 செப்டம்பர்

அன்புள்ள அப்பா,

இதற்குத் தபால்தலை தேவையில்லை. உங்கள் அறைக் கதவடியில் தள்ளப்போகிறேன்.

இன்று நீங்கள் குளம்பில் சுண்ணாம்பு இடித்தபோது மாமா சொன்னது நினைவிருக்கிறதா? "கை நடுங்குறது நல்லதாப் போச்சுய்யா, சுத்தி தானா இடிக்குது." "உன் வாலுக்கும் இந்தக் கையைக் கடன் தரவா?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் அம்மா சிரித்தார்.

நான் வெட்டிய காலை நாம் புல்லால் மூடிவிட்டோம். ஆனாலும் கீழிருந்து பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது. ஆயிரம் வருடம் கழித்து யாராவது தோண்டி, இதை யார், எதற்காக வெட்டினார்கள் என்று சண்டையிடக்கூடும். அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்: வெட்டியது ஹெஸ்டர் பாக்னெல், வயது பன்னிரண்டு, புத்தகத்தை நம்பி.

இரவு மணி ஒன்பது. அம்மா இப்போதுதான் வாசல் விளக்கை அணைத்தார்.

ஹெஸ்டர்