சாக்கு அட்டையில் நாற்பத்தைந்து

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பூப்பாறை ரோட்டில் மண் சரிவு, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதனால் தோட்டத்து ஏச்சு முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான்.

ஏலக்காய் ஸ்டோரில் உலர்ந்து வந்த ஏலக்காய் நாலு சாக்கு. சலித்து, ரகம் பிரித்து, சாக்கு வாயில் கட்டும் அட்டை எழுதியது. கணக்குக்காரரிடம் கேட்டு ஓர் அட்டை எனக்கு. "எந்தினா?" என்றார், எதற்கென்று. வீட்டுக்கு என்றேன். பொய் இல்லை.

அதில் 45 என்று எழுதி போன் சார்ஜர் வயரில் கட்டியாயிற்று. இன்று காலை 52 ரூபாய்க்கு வாங்கின க்ரிப்டோ டோக்கனுக்கு. 45-க்கு இறங்கினால் விற்க வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை. கீழே வீட்டுக்காரர் கையெழுத்து, பெரிய ஆபீசர் மாதிரி.

அவர் போட்ட நிபந்தனை: "எழுதுன விலைக்கு விக்கலன்னா அன்னைக்கே அந்த ஆப்பை அழிச்சிரணும். பெறகு எம்மேல கோவப்படக் கூடாது." சரி என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கே பாதி நம்பிக்கைதான்.

சோப்பு, கொசுவர்த்தி, ரீசார்ஜ். மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை விட்டு மஞ்சு. எதிர் வீடு தெரியவில்லை. விலை 54. கை துறுதுறுவென்றது, இன்னும் வாங்கலாமா என்று. போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

போன வருஷத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதப் போவதில்லை. எங்கள் அரை ஏக்கரில் விளைந்த ஏலக்காய் விற்ற பணம். கூரை மாற்ற வைத்திருந்தது. முக்கால்வாசியை ஒரே டோக்கனில் போட்டேன். ஏறியது. அன்றைக்கே கோழி வாங்கிக் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம். மறுவாரம் இறங்கியது. விற்கவில்லை. இங்கே யார் விற்பார்கள்? ஏலக்காய் விலை விழுந்தால் சாக்கை இறுக்கிக் கட்டி உள்ளே வைப்போம், இரண்டு மூன்று மாதத்தில் ஏறிவிடும். பதினைந்து வருஷமாகக் கைக்குப் பழகினது அது. டோக்கனையும் கட்டி வைத்தேன். மலிவாயிற்றே என்று இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் வாங்கினேன். ஒரு நாள் பார்த்தால், அதை வாங்கச் சொன்ன போன் குரூப்பே இல்லை. டோக்கன் இன்னமும் போனில் இருக்கிறது, பைசாவுக்கு ஆகாது. கூரை ஒழுகுகிறது, சொட்டுகிற தண்ணிக்கு அடுப்படியில் சருவம் வைத்திருக்கிறேன்.

ஏலக்காயை யாராவது பாயசத்தில் போடுவார்கள், அதனால் காத்திருக்கலாம். டோக்கனை எதில் போடுவது? பறித்த பச்சை ஏலக்காய் மாதிரிதான் நடத்த வேண்டும். நேரத்துக்கு உலர்த்தப் போடாவிட்டால் அழுகிவிடும், அதற்குக் காத்திருப்பே கிடையாது. இவ்வளவு சின்ன விஷயம் மண்டையில் ஏற ஒரு கூரை செலவாயிற்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

49. சுடலை போன் பண்ணினான். வீட்டுக்காரரின் தம்பி, குமுளியில் லாட்ஜில் வேலை. இதே டோக்கனை என்னைவிட நாலு மடங்கு வாங்கியிருக்கிறான்.

"மைனி, பயந்து வித்துராதீங்க. குரூப்புல எல்லாரும் பிடிச்சு வைங்கன்னுதான் சொல்லுதாங்க."

"அந்தக் குரூப்புல விக்கிறவன் எத்தன பேருன்னு கேட்டியா?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஸ்டோரில் சலித்துக்கொண்டே இரண்டு பேர்: "அவளுக்கு இன்னும் போன் பைத்தியம் தீரல." காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள். விழுந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை, காற்று. ஸ்டோரில் சிக்னல் கிடையாது, மேலே தண்ணி டேங்க் வளைவில்தான். பதினொரு மணி டீ நேரத்தில் ஏறினேன். 45.20. நின்றேன். குடை பறக்கப் பார்த்தது. 44.90.

தானாக விற்கிற மாதிரி ஆப்பிலேயே வைக்கலாம். வேண்டாம், கை பழகட்டும் என்று விட்டது நான்தான். அந்தக் கை இப்போது மரக்கட்டை. மனசு மட்டும் வரிசையாகப் பேசியது. பத்துப் பைசாதானே. சாயங்காலம் ஏறிவிடும். அட்டையில் 43 என்று திருத்தினால் அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் அந்தப் பழைய பேச்சு: கட்டி வை.

அட்டை வீட்டில் இருந்தது. ஆனாலும் அந்த 45-உம் அதன் கீழே அவர் கையெழுத்தும் கண்ணுக்கு முன்னால் நின்றன. விற்றேன்.

நட்டம் தொள்ளாயிரத்துச் சொச்சம். இரண்டு நாள் கூலி.

இறங்கி வரும்போது பாட்டு வந்தது. மழையில் யாருக்குக் கேட்கப் போகிறது, சத்தமாகவே பாடினேன். போன வருஷம் லாபம் வந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. நான் செய்துவிட்டேன். எழுதினபடி செய்துவிட்டேன்.

கணக்குக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா பேச்சி, லாட்டரி அடிச்சோ?" இல்லை சாரே, நட்டம் என்றேன். மனிதர் குழம்பிப் போனார்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். விற்ற நேரம், விலை இரண்டையும் விரல் வைத்து வாசித்தார். அட்டையை வயரிலிருந்து அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப் கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

51. ஆமாம், 51. சுடலை காலையிலேயே: "நாந்தான் சொன்னேம்லா மைனி."

வயிற்றெரிச்சல்தான். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு. திரும்ப வாங்க விரல் போனது. புது அட்டை எழுதாமல் வாங்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்தேன். எந்த விலையில் வெளியே வருவது? தெரியவில்லை. அது தெரியாமல் உள்ளே போகக் கூடாது. போகவில்லை. மிளகாய் வறுத்தேன், மல்லி வறுத்தேன், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தும்மினேன்.

வீட்டுக்காரர் டீக்கடையில் பேசியதை, அவர் ஜீப்பில் வந்த ஸ்டோர்க்காரி சரசு வந்து சொன்னாள்: "எம்பொண்டாட்டி நேத்து நட்டத்துக்கு வித்தா, தெரியும்லா?" பெருமையாகச் சொன்னாராம். கேட்டவர்கள் இவர் முகத்தையே பார்த்தார்களாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். நாலு நாள் துணி துவைத்தாயிற்று. ஒன்பது மணிக்குப் பார்த்தால் 19. ஆப் கெட்டுவிட்டதோ என்று மூடித் திறந்தேன். பதினொரு மணிக்கு 6.

குதித்தேன், வெட்கமில்லாமல். பிறகுதான் சுடலை ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன், அவன் போன் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு நேரிலேயே வந்துவிட்டான், பஸ் பிடித்து, முகம் செத்துப்போய். குரூப்பை மூடிவிட்டார்களாம்.

"திரும்புமா மைனி?"

"திரும்பாது. இருக்கத வித்துரு."

"இப்பமேவா?"

"இப்பமே. நான் பக்கத்துல இருக்கேன்."

என் முன்னால் உட்கார்ந்து விற்றான். போன வருஷம் எனக்கு இப்படிப் பக்கத்தில் உட்கார யாருமில்லை. பாவமாக இருந்தது. அதோடு, ஒளிப்பானேன், கர்வமாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் கோழியோடு வந்தார்.

"அவன் பணத்தைத் தொலைச்சிட்டு உக்காந்திருக்கான், இப்ப எதுக்குக் கோழி?"

"அது அவன் நட்டம். நீ வெள்ளிக்கிழம நட்டப்பட்டேல்லா, இது அதுக்கு."

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். நனைந்து 45 கொஞ்சம் கலங்கியிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். ஆப் இருக்கட்டும் என்றார்.

மிளகு தூக்கலாகப் போட்டேன். சுடலை இரண்டாம் தடவையும் சோறு வாங்கினான். கை கழுவி வந்து, "மைனி, எனக்கும் ஒரு அட்டை கொண்டாருங்க."

நாளை:
கணக்குக்காரரிடம் அட்டை, ஒன்று. இல்லை, பத்து.