இருவருக்கும் விழுந்த பூ

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் என் பேரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

மைன்ஸ் கான்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத் தேர்தலில் நம் வீட்டுக்காரர்கள், மாமாவும் இவரும், எதிரெதிரே நின்றதிலிருந்து நமக்குள் பேச்சில்லை. ஆனாலும் ஓட்டுப்போடுவதற்கு முந்தின நாள் அம்மன் கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் கண்மூடி நின்றோம். அம்மனின் வலது தோளிலிருந்து பூ விழுந்தது. எனக்குத்தான் என்று நானும், உனக்குத்தான் என்று நீயும் நினைத்தோம்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கினே இருந்தா அவ என்னாதான் பண்ணுவா?" என்றார் பூசாரி.

திரும்பத் திரும்ப எண்ணியும் ஓட்டுகள் சமமாகவே வந்தன. நாளை குலுக்கல்; வராதவர் தோற்றவர்.

இன்று மத்தியானம் தனியாகப் போனேன். இந்த முறை வெற்றியைக் கேட்கவில்லை. மாமா குலுக்கலுக்கு வராமல் போகட்டும் என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். காற்றே இல்லை, பூ விழுந்தது. பீடத்தில் ஏற்கெனவே இன்னொரு பூ வாடாமல் கிடந்தது.

"உங்க அக்காவும் இப்பத்தான் வந்துட்டுப் போவுது" என்றார் பூசாரி.

நீ என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்கமாட்டேன். பகல் ஷிப்ட் முடிந்து வெகு நேரமாகிறது. இவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அக்கா, மாமா வீட்டில்தானே இருக்கிறார்?

உன் தங்கை