திருப்பி அனுப்பிய மாத்திரைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் தலை நீங்கலாக எல்லோரும் நலம். நீயும் மாமாவும் முழுதாக நலமாயிருக்க வேண்டும்.

மாமாவின் நண்பர் கொண்டுவந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீடு தேடி வந்த சம்பளத்தை வேண்டாம் என்றவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மருந்துக் கிடங்கில் நின்று நின்று கால் வீங்கும் நீ, சலுகை விலையில் வாங்கி, இங்கே வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் திணித்து அனுப்புகிற வலி மாத்திரை அது. கோபம் வரும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

கண்ணாடிக் கடை வேலை தொடர்கிறது. சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள், மேலே வரிசையாகக் குழல் விளக்குகள். ஒற்றைத் தலைவலிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. தலை இருக்கிற எல்லோருமே தலைவலி நிபுணர்கள். முதலாளி, "தண்ணியே குடிக்க மாட்டேங்கறப்பா, அதான்" என்றார். கணக்கர், "கல்யாணமானா வர்றதுதான், எனக்கு இல்லையா?" என்றார். போன மாதம் ஜன்னல் கண்ணாடி அறுக்கும்போது அளவுகோலின் நடுவில் எண்கள் மறைந்து, அங்கே வெள்ளிக் கோடுகள் கோணல்மாணலாக ஓடின. கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். தையல் பிரித்தாயிற்று. முதலாளி இப்போது தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு ஆள் பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறார்.

தையல் போட்டவர்தான் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு வலியே தெரியாதாம். வெட்டினாலும் சும்மா இருக்குமாம். வலிப்பது அதைப் போர்த்தியிருக்கும் உறையும் அங்கே ஓடும் ரத்தக் குழாய்களும்தான். முகத்துக்கும் அந்த உறைக்கும் பொதுவான ஒரு நரம்பு, கிளறிவிடப்பட்டால், ஒரு புரதத்தைக் கசியவிடுகிறது, குழாய்கள் விரிகின்றன, ஒவ்வொரு நாடித்துடிப்பும் அடியாக விழுகிறது. நான் கண்ட வெள்ளிக் கோடுகள், மூளையின் பின்பக்கம் மெல்ல நகரும் ஒரு மின் அலையாம். இதே அடிக்கடி நடந்தால் நரம்புகள் கூசிப்போய், சீப்பு பட்டாலும், சத்தம் கேட்டாலும் வலி என்றே மூளைக்குச் செய்தி போகும். நான் தலைவாராமல் திரிவதைச் சோம்பல் என்று என் வீட்டுக்காரி திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவதில்லை. திட்டுவதே நன்றாயிருந்தது.

மாத்திரை எப்போதெல்லாம் போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். தினமும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலியை அடக்கும் மாத்திரையே, அடிக்கடி போட்டால், அந்த நரம்பை இன்னும் முரடாக்குமாம். வலிக்காக நான் மாத்திரை போட, மாத்திரையால் தலை வலித்திருக்கிறது. வலியும் மாத்திரையும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டு சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. வாடகை கொடுத்தவன் நான்.

வேறு மருந்து தந்திருக்கிறார். அது வேலை செய்ய நாளாகும். பழைய மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் வலி இன்னும் மோசமாகிப் பிறகுதான் தணியும் என்கிறார். முன்பு ஒருமுறை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். உனக்குப் போன் செய்து அழுதேனே, அது அப்போதுதான். நீ அன்றே பொட்டலம் கட்டினாய். நீ செய்தது பாசம். அதைத் தாங்கும் உடம்பு எனக்கு இல்லை.

இந்த முறையும் போன் செய்வேன். கெஞ்சுவேன். "அம்மா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?" என்று கேட்பேன். பிள்ளை பெறாதவளுக்கு வலியைப் பற்றி என்ன தெரியும் என்றுகூடக் கேட்டுவிடுவேன். அந்த நேரத்தில் எனக்குப் பெரியவர், சிறியவர் தெரியாது. அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். செத்துப்போகிறேன் என்று சொன்னால் உடனே என் வீட்டுக்காரியைக் கூப்பிடு. டாக்டரின் எண் அவளிடம் இருக்கிறது. மாத்திரை மட்டும் அனுப்பாதே.

இவ்வளவும் கேட்டபிறகு அடுத்த முறை போனில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க உனக்குக் கை வராது. எடு, அக்கா. எதுவும் பேச வேண்டாம். அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது கேட்டால் போதும். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் வலிக்கவில்லை.

உன்
தம்பி