சும்மா கிடக்கும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை

அப்பா எனக்கு விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க, என்னிடம் கேட்காமலே என் கணவர் கடையநல்லூரிலிருந்து ஆள் வரவழைத்துவிட்டார்.

"சும்மாதான் கெடக்கு அண்ணாச்சி," என்றார்.

வந்தவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "சும்மா கெடக்குற வண்டியா இப்படிச் சுடுது?"

காலையில் நான்தான் குருவிகுளம் வரை ஓட்டிப்போய் வந்தேன். நான் ஓட்டுவது இவருக்கு ஓட்டுவதாகவே தெரியவில்லை.

"ஏட்டி, புது செடான் நிக்குல்லா? ஏசி, டிரைவர். பின்னால மகாராணி மாதிரி உக்காந்துக்கோ."

பழையதில் ஏசி இல்லை. கிளட்ச் மிதித்தால் கால் வலிக்கும். மழை ஒழுகும். ஆனால் என்னை உட்கார்த்திவைக்க அதில் பின்சீட்டே கிடையாது.

வண்டி என் பெயரில் இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஆள் முன்னால் இவரை மறுத்துப் பேசியது இதுவே முதல் தடவை. இத்தனை வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் இப்போது ஆத்திரமாக வருகிறது.