அப்பாவின் பாக்கெட்டில் ஒரு சிவப்பு நாடா

என் வாயாடி மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். இது நான் கண்ணால் பார்த்து எழுதுவது. நீ நலம் என்பது மாப்பிள்ளை போனில் சொன்ன செய்தி, உன் வாயால் கேட்ட பிறகுதான் நம்புவேன். உறுதியான புதுச் செய்தி என்னவென்றால், அப்பாவின் போர் விமானம் சனிக்கிழமையோடு ஓய்வு பெற்றுவிட்டது. அறிவித்தது விமானத் தளத்தின் ஒலிபெருக்கி, பார்த்தது வேறு இடம் கிடைக்காமல் பத்திரிகையாளர் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்த நான். "அது பறக்கிற வரைக்கும் நான் எங்கேயும் வரமாட்டேன், திடீர்னு கூப்பிட்டா யார் போறது" என்று சொல்லிச் சொல்லியே கடல் தாண்டி உன் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தாரே. பேத்தி தவழ்ந்து, நடந்து, இப்போது ஓடவும் தொடங்கிவிட்டாள்; வேலையை விட்ட நாள் முதலாக இவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியில் நிஜமாகவே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த விமானத்தைப் பராமரித்தவர்களில் மூத்தவர் என்று, கடைசிப் பயணத்துக்கு முன் பூட்டுக் கம்பிகளை உருவும் மரியாதையை அவருக்குக் கொடுத்தார்கள். தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்கிவிடாமல் செருகி வைப்பார்களே, கம்பியின் நுனியில் சிவப்பு நாடா தொங்கும், அதுதான். எல்லாவற்றையும் உருவி, நாடாக்களைத் தூக்கி விமானிக்குக் காட்ட வேண்டும். அவர் எண்ணித் தலையாட்டினால்தான் விமானம் நகரும். அப்பா கல்யாண மாப்பிள்ளை மிடுக்கோடு போய் உருவினார், தூக்கிக் காட்டினார். விமானி, உன் வயசுப் பெண், எண்ணிவிட்டு ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று குறைகிறது. உடனே அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டு, நகராதே என்று நிறுத்திவிட்டார். எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கிறது, தலைமை விருந்தினர் கையசைத்த கையை இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார், பணியாளர்கள் விமானத்துக்கு அடியில் முட்டிபோட்டுத் தேடுகிறார்கள். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியவர் அப்பாதான். பக்கத்தில் இருந்த உன் சித்தி, "அக்கா, நெத்தியில மாட்டிக்கிட்டே கண்ணாடியைத் தேடுவாரே அத்தான், அதே தேடல்" என்றாள். பார்த்தேன். பேன்ட் பாக்கெட்டுக்கு வெளியே எலி வால்போலச் சிவப்பு நாடா தொங்கியது. முன்சக்கரக் கம்பியை முதலில் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அவருடைய அந்தக் காலத்துப் பழக்கம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஆனால் உடனே சொல்லவில்லை. அந்த விமானத்தின் வயிற்றுக்கு அடியில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பிறகு எழுந்து நின்று என் இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினேன். என் மணிபர்ஸ் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் உட்கார் என்று சைகை செய்கிறார் மனுஷர். மேலே இருந்த விமானிதான் என் கை போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அவர் பாக்கெட்டைச் சுட்டிக் காட்டி அந்தக் கம்பியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

விமானம் ஏறியது, கூட்டத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது, இறங்கி அணைந்தது. அப்பா போய் மூக்கில் கை வைத்து, "இன்னும் சூடு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் கம்பியைக் கொண்டுவந்து, "நீங்களே வெச்சுக்குங்க சார், இனிமே இது எதையும் பூட்டப் போறதில்ல" என்று கையில் கொடுத்தாள். வரும் வழியில் கேட்டேன், மறதியா, வேணும்னே செஞ்சீங்களா என்று. "பத்திரிகைக்காரிக்குப் பேட்டி கிடையாது" என்றுவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பெட்டி பரணிலிருந்து இறங்கி ஹாலில் நின்றது. யார் இறக்கியது என்றால் பூனை என்கிறார். நம் வீட்டில் பூனை இல்லை. பெட்டியின் கைப்பிடியில் அந்தக் கம்பி, நாடாவோடு. 'பறக்கும் முன் கழற்றவும்' என்று நாடாவில் எழுதியிருக்கிறது. அங்கே ராத்திரி குளிருமா என்று இரண்டு முறை கேட்டார், யாருக்கோ கேட்பதுபோல.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நான் இதையெல்லாம் எழுதினேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே, ரோஷத்தில் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுவார். வருகிறேன் என்று அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை கைக்கு வரும் என்று அந்த அலுவலகத்திலிருந்து வந்த போனை எடுத்தவள் நான். நாடா இதுவரை கைப்பிடியில்தான் இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா