வண்டியில் உள்ள அனைவருக்கும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் எல்லைச் சாவடி வரிசையில் இரண்டு மணி பத்து நிமிடம். அச்சகத்துக்குத் தாமதம். “பிழை திருத்துறவரே தப்புப் பண்ணலாமா?” என்றார் மேலாளர். ஒன்பது வருடமாக இதே நகைச்சுவை.

பக்கத்து விரைவுப் பாதையில் அண்ணனின் வெள்ளைக் கார் வழுக்கிக்கொண்டு போனது. கையசைத்தான். நான் ரேடியோவைத் திருகினேன்.

அந்தப் பாதைக்கான விரைவு அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முடிவு.

மார்ச் 11, செவ்வாய்

விண்ணப்பம் பதினான்கு பக்கம். மூன்று எழுத்துப் பிழைகள், அவர்களுடையவை. சிவப்பு மையைத் தொடவில்லை.

“அண்ணனுக்குப் போட்டியா?” என்றாள் மனைவி.

அம்மாவுக்காக. எல்லைக்கு அந்தப் பக்கம், தங்கை வீட்டில் இருக்கிறாள். மே மாதம் இதய அறுவை. அப்பாவுக்குத் தாமதமானதுபோல் அவளுக்கு ஆக விடமாட்டேன்.

மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன் — மறந்தால்தானே! அப்பாவுக்கு முடியாமல் போன அன்று அண்ணன் காரில்தான் கிளம்பினோம். சாவடிக்கு முன்னால் அந்தப் பலகை: வண்டியில் உள்ள அனைவருக்கும் அட்டை இருக்க வேண்டும். என்னை இறக்கிவிட்டான். “நீ நடை வரிசையில வாடா. ஒருத்தராவது நேரத்துக்குப் போகணும்ல.”

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். “உன்னைத்தாண்டா கேட்டாரு. வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்” என்றான். நம்பவில்லை. நான்கு வருடமாக அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேர்காணல். அதிகாரிக்கு என் மகள் வயதுதான்.

“நாலு வருஷம் முன்னாடி நடை வரிசையில அதிகாரியைத் திட்டியிருக்கீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

பையில் மூன்று பக்க விளக்கம், அரைப்புள்ளி முதற்கொண்டு சரிபார்த்தது. எடுக்கவில்லை.

“எங்கப்பா செத்துக்கிட்டிருந்தாரு.”

அவள் அதைக் கணினியில் தட்டினாள்.

மே 2, வெள்ளி

அட்டை வந்தது. படத்தில் கைதி மாதிரி இருக்கிறேன். இருக்கட்டும்.

மே 7, புதன்

அண்ணன் போன் செய்தான். நான்கு வருடத்தில் முதல் முறை எடுத்தேன்.

“என் அட்டையை முடக்கிட்டாங்கடா. பையில ரெண்டு ஆரஞ்சு இருந்துச்சு, சாவடியில சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு அம்மா ஆபரேஷனுக்கு என்னையும் ஏத்திக்கோ.”

ஏற்றிக்கொள்கிறேன். எந்த இடத்தில் இறக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மே 8, வியாழன்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அறுவை எட்டரைக்கு. பொது வரிசை பாலத்தைத் தாண்டி நின்றது. பலகைக்கு முன்னால் காரை ஓரங்கட்டினேன். அவனிடம் சொல்ல நான்கு வருடமாக மெய்ப்புப் பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்று உண்டு. வாயில் வந்தது வேறு.

“நீ நடை வரிசையில வாண்ணே. ஒருத்தராவது நேரத்துக்குப் போகணும்ல.”

“ஆமாண்டா” என்றான். கேலி இல்லை. கதவைத் திறந்து இறங்கும்போதுதான் பார்த்தேன் — நடக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

விரைவுப் பாதையில் ஆறு நிமிடம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகப் பத்து நிமிடம் இருந்தது. என் கையைப் பிடித்தபடி, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

“பெரியவன் எங்கடா?”

“வந்துக்கிட்டே இருக்காம்மா.”

சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். கட்டிலைத் தள்ளுபவர் என்னை விலகச் சொல்ல வேண்டியிருந்தது.

மே 12, திங்கள்

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரையும் திட்டினாள்.

அண்ணனின் மேல்முறையீட்டு மனுவை நானே எழுதுகிறேன். அவன் எழுதினால் ஆரஞ்சிலேயே பிழை விடுவான். எழுதுகிற இடம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை; லேசாக ஆடுகிறது. காலுக்கடியில் மடித்த காகிதம் ஒன்றை வைத்திருக்கிறேன்.